கலிபோர்னியாத் துரையும் மஸ்கெலியா விரலும்

மலையகச் சரித்திரம் எழுதியவர்கள் எல்லாரும் கோப்பிச் செடியில் தொடங்கி, மன்னார்க் காட்டு வழியே நடந்து, குடியுரிமைச் சட்டத்தில் இடறி விழுந்து, சம்பளப் பேச்சுவார்த்தையில் வந்து மூச்சு வாங்கி நிற்பார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் இந்த மலையில் யார் எதை அமுக்கினார்கள், அமுக்கியதும் என்ன நடந்தது என்ற விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. அமுக்கப்பட்ட சனத்தைப் பற்றி அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. அமுக்கிய பட்டனைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடுவோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. 'உருட்டினார்' என்று ஒருமையில் சொல்வது புத்தகங்களின் பழக்கம். மூட்டை மூட்டையாகக் கொழுந்தை ஒற்றைத் துரை தனியாக உருட்டினார் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். எப்படியோ, இந்த நாட்டுத் தேயிலைத் தொழில் தொடங்கியதே தொடுமுறையில்தான். கலிபோர்னியாவுக்கு அந்தப் புத்தி வர இன்னும் 140 வருஷம் கிடந்தது.

லயத்தில் விடியப்புறம் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்தார்கள். சில தோட்டங்களில் கொம்பு ஊதினார்கள். பிறகு ஸ்டோரில் சங்கு வந்தது. அடித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் ஆள் வரும், ஆள் வராவிட்டால் கங்காணி வருவார். சாமான் ஒன்றைக் கையாள்பவருக்கு என்ன தெரியவேண்டும் என்பதை இப்போது பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படிக்கிறார்கள். அவ்வளவு படித்தும் இத்தனை சந்தேகமில்லாத ஓர் ஏற்பாட்டை எவரும் பிறகு கண்டுபிடிக்கவில்லை.

பங்களாவில் வேறு ஏற்பாடு. துரை சாப்பாட்டு மேசையில் இருந்தபடி மணியை அமுக்குவார், குசினியிலிருந்து அப்பு ஓடி வருவார். அமுக்குவது ஒருவர், ஓடுவது இன்னொருவர். 1885இல் ரயில் நானுஓயாவுக்கு ஏறியது. 1948இல் வெள்ளைக்காரன் போனான், அதே வருஷம் எங்கள் குடியுரிமையும் அவன் பின்னாலேயே போனது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் கைக்குத் திரும்பி வந்தன. துரைக்கு நிறம் மாறியது. மணி மாறவில்லை.

இதற்கிடையில் டெலிபோன் என்ற சாமானும் மலைக்கு வந்து பங்களாவிலும் ஒபிசிலும் குந்திக்கொண்டது. லயத்துச் சனத்துக்கு அதோடு இருந்த ஒரே உறவு தூசு தட்டும் உறவு. நமக்குச் செய்தி வர இரண்டே வழி: கடுதாசி, தந்தி. கடுதாசி ஒபிசுக்கு வந்து, கிளாக்கர் ஐயாவின் மேசையில் சில நாள் ஊறி, அவருக்கு மனசு இறங்கும்போது லயத்துக்கு இறங்கும். தந்தி வந்தால் வாசிக்க முன்னமே அழத் தொடங்கிவிடலாம், எப்படியும் சாவுச் செய்திதான். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அண்ணன் கோத்தகிரிக்கும் தங்கச்சி கூடலூருக்கும் போன குடும்பங்களில், "சுகமா இருக்கியா" என்ற ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் சுகம் மாறியிருக்கும்.

1989இல் செல்டெல் கொழும்பில் செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது. டில்லியும் பம்பாயும் கறுப்பு டயலைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பு முதலாளிமார் காரில் போகும்போதே பேசினார்கள். மலைக்கு அந்தச் செய்தி ஹட்டன் கடையில் வடை சுற்றிய பேப்பரில் வந்து சேர்ந்தது. 1995இல் டயலொக் வந்தது. அப்போதும் நம்மில் பலருக்கு ஒரு சின்னச் சிக்கல். சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமை வேண்டும், அந்த வழக்கை ஒரேயடியாக முடிக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஒரு 'ஹலோ' சொல்ல 55 வருஷம் வரிசையில் நின்ற வேறு சனம் உலகத்தில் இருந்தால், அவர்களோடு ஒரு பிளேன்டீ குடிக்க எனக்கு ஆசை.

2005ஐ ஒட்டி சி.டி.எம்.ஏ. போன் மலை ஏறியது. பார்த்தால் துரை பங்களா டெலிபோன், ஆனால் வயர் கிடையாது, பின்னால் ஓர் அன்டெனா. லயத்தில் ஒரு காம்பராவில் இருக்கும், முழு லயத்துக்கும் கோல் அதற்குத்தான் வரும். கவரேஜ் எங்கே கிடைக்கிறதோ அங்கே அது குடியிருக்கும். சில வீட்டில் ஜன்னலில், சில வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேல், ஒரு வீட்டில் இஸ்தோப்புக் கூரை மரத்தில் கயிறு கட்டித் தொங்கியது. சாமி படத்துக்குக் கிடைத்த மரியாதை அதற்கும் கிடைத்தது. அதன் பட்டன் ஒவ்வொன்றும் பெருவிரல் அகலம். அமுக்கினால் 'டிக்' என்று உள்ளே போய் வெளியே வரும். நூற்றைம்பது வருஷமாக மற்றவர் அமுக்க ஓடிய சனத்துக்கு, தான் அமுக்கினால் எங்கேயோ கொழும்பில் ஒரு மணி அடிக்கிறது என்பது லேசான சந்தோஷமா?

அதற்குள்ளேயே பொற்காலமும் பிறந்துவிட்டது. நொக்கியா 2003இல் 1100 என்ற போனை வெளியிட்டது. உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. வசதி குறைந்த நாடுகளில் யார், எங்கே, எப்படிப் பாவிப்பார்கள் என்று யோசித்துச் செய்த போன் அது. பட்டன்களுக்கு மேலே தூசு இறங்காத ரப்பர், கைக்குள் வழுக்காத விலா, தலையில் டோர்ச். செய்தவர்கள் நோர்வூட்டைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், விடியக் காலம் நாலரைக்குக் கக்கூசுக்குப் போகும் வழியில் சிறுத்தை படுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஒருத்திக்காகவே செய்தார்கள் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

பட்டன் என்றால் இளக்காரமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் கார்லின் என்பவரின் குழு, டெலிபோனில் எண்களை எப்படி அடுக்குவது என்று ஆட்களைக் கூட்டி வந்து சோதித்தது. வட்டமாக வைத்தார்கள், குறுக்காக வைத்தார்கள், சரிவாக வைத்தார்கள். பட்டன் எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும், எவ்வளவு பலத்துக்கு இறங்கவேண்டும் என்றும் அளந்தார்கள். கடைசியில் மூன்று மூன்றாக அடுக்கி, 1963 நவம்பர் 18இல் பென்சில்வேனியாவில் விற்கத் தொடங்கினார்கள். பிறகு 5இன் மேல் சின்னதாக ஒரு மொட்டு முளைத்து, அதுவும் சர்வதேசத் தரமாகிவிட்டது. அதைத் தடவினால் நடு இதுதான் என்று விரலுக்குத் தெரியும். மற்ற எண்கள் சுற்றிவர நிற்கும், கண் தேவையில்லை.

கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முற்றின இலை எது, தளிர் எது, வளராமல் அடங்கிய 'வங்கி' எது என்று பார்க்காமலே விரல் நுனியால் பிரிக்கிறவர்கள். ஒரு நாளைக்கு 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். இந்தக் கெடுபிடிக்குள் போன் வந்தால் கண்ணை எடுக்க நேரமேது? கை கம்பளிக்குள் போகும், பெருவிரல் பச்சைப் பட்டனைத் தடவிப் பிடிக்கும், காதுக்கும் தோளுக்கும் இடையில் போன் செருகப்படும், "ம், சொல்லுடி." மேட்டில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கு இரண்டு கையும் செடியில் இருப்பதாகத்தான் தெரியும். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன மகளும், பொகவந்தலாவையில் பத்தாம் நம்பர் மலையில் நிற்கும் தாயும் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

காசு போகாத பேச்சும் இருந்தது. மிஸ்ட் கோலில் ஒரு ரிங் என்றால் கொழும்பில் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் கினிகத்தேனை தாண்டிவிட்டேன். மூன்று ரிங் என்றால் ரீலோட் போடக் காசில்லை, நீ எடு. நாலாவது ரிங் வரை போனால் எதிர்ப்பக்கம் எடுத்துத் தொலைக்கும் அபாயம் உண்டு. ஆகவே சிவப்புப் பட்டனில் பெருவிரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு கலையே வளர்ந்தது.

அப்போதுதான் வந்தது 2007 ஜனவரி 9. நுவரெலியாவில் புல்லெல்லாம் வெள்ளை பூக்கும் மாதம். சான் பிரான்சிஸ்கோவில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு துரை மேடையேறினார். மோட்டோ கியூ, பிளக்பெரி, பாம் ட்ரியோ, நொக்கியா ஈ62 ஆகிய நாலு போன்களைப் படம் போட்டுக் காட்டி, இவற்றின் கீழ்ப்பாதி முழுவதும் பட்டனாய்க் கிடக்கிறதே, வேண்டுமோ வேண்டாமோ அங்கேயே கிடக்கிறதே என்று கேலி பண்ணினார். சபை சிரித்தது. குச்சி வைத்துத் தட்டும் போன்களையும் விடவில்லை, யாருக்கு வேண்டும் குச்சி என்றார். சபை அதற்கும் சிரித்தது. ஸ்டீவ் ஜொப்ஸ் பேசினால் சபை சிரிப்பது அங்கே பெரட்டு ஒழுங்கு.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிளாஸ்டிக்கில் அச்சடித்த பட்டன் சாகும்வரை அதே பட்டன்தான். 247 தமிழ் எழுத்தை 12 பட்டனுக்குள் அடைக்கப் பார்த்த போன்களை நாம் அறிவோம். 'அம்மாவுக்குக் காய்ச்சல்' என்று எழுதி முடிக்கும்போது அம்மா எழும்பி வேலைக்குப் போயிருப்பாள். அதனால்தான் 'amma' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகினோம். திரை வந்ததும் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே வந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளையின் படமே போன் நம்பரானது. குரலைப் பதிந்து அனுப்பலாம் என்ற பிறகு படிப்பே வேண்டியதில்லை. இதற்கெல்லாம் துரைக்கு ஒரு கும்பிடு. ஆனால் துரைமாரிடம் ஒரு பழக்கம். ஒரு நல்லது செய்தால் அதோடு நிற்கமாட்டார்கள்.

தொடுதிரை அவர் பெற்ற பிள்ளையும் இல்லை. 1965இலேயே இங்கிலாந்தின் மல்வேர்ன் ரேடார் நிலையத்தில் ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் விமானப் போக்குவரத்தைக் கவனிப்பவர்களுக்காக இதை விவரித்து எழுதிவிட்டார். 1970களில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் விஞ்ஞானக் கூடத்தில் பெண்ட் ஸ்டும்ப் என்பவர் பெரிய இயந்திரம் ஒன்றை ஆட்ட இப்படியொரு திரையைச் செய்து பொருத்தினார். அதே காலத்தில் அமெரிக்காவில் சாமுவேல் ஹர்ஸ்ட் இன்னொரு வகையைச் செய்தார். இரண்டு மெல்லிய படலம், மேலதை அமுக்கினால் கீழதில் முட்டும், முட்டிய இடம் எது என்று கணக்குப் பார்க்கும், அவ்வளவுதான். இந்த இரண்டாவது வகைக்குச் சாதி பேதமே கிடையாது. விரலால் அமுக்கு, நகத்தால் அமுக்கு, வெற்றிலைக் காம்பால் அமுக்கு, கம்பளிக்கு மேலே இருந்து அமுக்கு, எல்லாம் ஒன்று. மழை பெய்தாலும் அதற்கு அக்கறையில்லை. நொக்கியா 2008இல் விட்ட 5800 அந்த வகைதான். மலைக்கென்றே அளவெடுத்துத் தைத்த திரை. குச்சிக்கு அடித்த கேலியில் அதுவும் சேர்ந்து செத்தது.

மிஞ்சியது முதல் வகை, ஐபோன் வகை. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத இந்தியம் டின் ஒக்சைட் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு சின்ன மின்புலம். விரல் கிட்ட வந்தால் அதில் கொஞ்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளும். எந்தச் சந்தியில் குறைந்தது என்று உள்ளே ஒரு சிப் வினாடிக்கு அறுபது, நூறு தடவை எண்ணிப் பார்க்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இவ்வளவு நேர்மையாக எவரும் எண்ணி நான் கண்டதில்லை.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அது மனசில் வைத்திருந்த விரல் எது? காய்ந்த, மெல்லிய, இளஞ்சூடான, மேசை வேலை செய்த விரல். மஸ்கெலியா விரல் அப்படியா? தேயிலைச் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து, நுனி காய்த்து, வெடிப்பு விழுந்து, சிலர் அதற்கு மேல் துணியும் சுற்றியிருப்பார்கள். தோல் தடித்துக் காய்ந்தால் கண்ணாடிக்கு விரல் வந்ததே உறைக்காது. வேண்டாத நேரத்தில் தண்ணீர் பட்டால் வராத விரலும் வந்ததாக உறைக்கும். மழைத்துளி ஒவ்வொன்றும் கோடுகளுக்கிடையே புகுந்து கணக்கைக் குழப்பும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் மழை கொட்டும். தென்மேல் பருவக் காற்றில் ஒரு டச் போனை வெளியே எடுத்தால் அது தன் பாட்டுக்கு பேஸ்புக்குக்குள் போகும், யாருக்கோ 'லைக்' போடும், விட்டுப்போன மச்சானுக்கு வீடியோ கோல் எடுக்கும். ஆச்சரியமாக, நாம் தட்டினால் மட்டும் சும்மா கிடக்கும்.

நமக்கு மட்டும் வந்த கொடுமை இல்லை இது. 2010 குளிர்காலத்தில் தென்கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாத ஐபோன்காரர்கள் கடைச் சொசேஜால் திரையைத் தட்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின, சொசேஜ் விற்பனையும் ஏறியதாம். 2018இல் ஹவாயில், சீல் என்ற கடல் விலங்குகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றின் போனிலிருந்து ஊரெல்லாம் இடைவிடாமல் கோல் போனது. எடுத்தால் பேச்சில்லை. தேடிப் பார்த்தால் தொடுதிரையின் மேல் ஒரு பல்லி நின்று காலால் டயல் பண்ணிக்கொண்டிருந்தது. நம் ஊரில் பல்லி சொல்வதற்குச் சாஸ்திரமே இருக்கிறது. எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன், தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் அட்டவணை உண்டு. திரையில் விழுந்தால் என்ன என்பதை அடுத்த பதிப்பில் சேர்க்கலாம். சொசேஜுக்கும் பல்லிக்கும் வேலை செய்யும் கண்ணாடி, கொழுந்தெடுக்கும் நம் அம்மாயி விரலைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நொக்கியாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு நல்ல புத்தி வந்தது. 2012இல் லூமியா 920இல் கையுறையோடும் வேலை செய்யும் திரை வைத்தார்கள். அடுத்த வருஷமே போன் வியாபாரத்தை மைக்ரோசொஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். இந்த உலகத்தில் புத்தி வரும் நேரம் எப்போதும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது அரண்மனைச் சதி. முகப்பில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பட்டன், நடுவில், ராசா மாதிரி. எங்கே வழி தவறினாலும் அதை அமுக்கினால் வீட்டுக்கு வந்துவிடலாம். ஐபோன் 2016இல் அதைக் கொல்லாமல் பிணமாக்கியது. ஐபோன் 7இல் பட்டன் இருக்கும் ஆனால் அசையாது. அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் அதிர்ந்து, 'நீ அமுக்கிவிட்டாய்' என்று விரலுக்குப் பொய் சொல்லும். போன் அணைந்தால் பொய்யும் அணைந்துவிடும். அடுத்த வருஷம் ஐபோன் எக்ஸில் பிணத்தையும் எடுத்துவிட்டார்கள். அதுவரை நடுப் பட்டனை விடாப்பிடியாக வைத்திருந்த சாம்சங் கலக்ஸியும் அதே 2017இல் எட்டாம் பதிப்பில் கைவிட்டது. 2018இல் எச்.டி.சி. இன்னும் ஒரு படி போய், யூ12 பிளஸ் என்ற போனில் பக்கத்துப் பட்டன்களையும் அசையாத பொய்ப் பட்டன்களாக்கியது. வாங்கிப் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

தோட்டத்திலும் வெட்டுவோம். கவ்வாத்துக்கு வந்தால் செடியை முழங்கால் அளவுக்குத் தறிப்பார்கள், பார்க்க மொட்டை. ஆனால் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு எந்தக் கணுவுக்கு மேல் கத்தி போகலாம் என்று தெரியும், ஏனென்றால் அங்கேயிருந்துதான் துளிர் வரவேண்டும். கலிபோர்னியாக் கவ்வாத்து வேரோடு போனது. இன்னொரு வேடிக்கை. இங்கே கம்பனிகள் விரலின் வேகம் போதாது என்று கொழுந்து வெட்டக் கத்தரியும் மெஷினும் கொண்டுவருகின்றன. அங்கே கம்பனிகள் மெஷினைக் கழற்றிவிட்டு விரலே போதும் என்கின்றன. இரண்டு பக்கத்துத் துரைமாரும் ஒருநாள் கிளப்பில் சந்தித்துப் பேசிக்கொண்டால் தேவலை.

லயத்துக்கு டச் போன் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியதும் அடித்துப் பிடித்து வந்தது. பாடமெல்லாம் வட்ஸ்அப்பில், ஸூமில் என்றார்கள். கொழும்புக் கடையில் வேலை செய்த மூத்தவன் தன் பழைய போனை அனுப்பினான், இல்லாதவர்கள் அடகு வைத்து வாங்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கவரேஜ் கிடையாது. பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். உச்சியில் கவரேஜ் இருந்தது, மிஸ்டும் இருந்தது. பனி படிந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்துத் துடைத்து ஒரு தலைமுறை பின்னம் படித்தது. வகுப்பு நடக்கும்போது மழைத்துளி விழுந்து டீச்சரையே 'மியூட்' பண்ணிய கதைகள் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் போன் அம்மாயி கைக்கு வந்தது. அங்கேதான் சரித்திரத்தின் மிகச் சிக்கலான கட்டம்.

கோல் வருகிறது. திரையில் பச்சையாக ஒரு வட்டம். வட்டம் என்றால் பட்டன், பச்சை என்றால் எடுப்பது. பல வருஷப் பழக்கம். அம்மாயி அமுக்குகிறாள். ஒன்றுமில்லை. பலமாக அமுக்குகிறாள். ஒன்றுமில்லை.

"அம்மாயி, அமுக்கக் கூடாது. தள்ளணும்."

"எங்கடா தள்ள?"

"மேல."

"போன மாசம் வலப் பக்கமுன்னு சொன்னியே?"

"அது பழைய போனு. இது மேல தள்ளணும்."

"எடுக்கிறதுக்குத் தள்ளச் சொல்றானே, இவனுக்குக் கிறுக்கா?"

அவள் தள்ளுவதற்குள் ரிங் நின்றுவிடும். மகள் கட்டாரிலிருந்து மறுபடி எடுப்பாள். இப்போது கை ஈரம். சேலையில் துடைத்தால் சேலையும் ஈரம். அப்போது பக்கத்து நிரையில் நின்ற ஒரு பெண் உலகம் கண்டுபிடிக்காத ஒன்றைச் செய்து காட்டினாள் என்று எழுத ஆசைதான். ஆனால் உலகமும் கண்டுபிடித்துவிட்டது. கை ஒழியாதவர்கள் எங்கும் செய்வதுதான்: மூக்கால் தள்ளுவது. முகத்தில் ஈரமில்லாத இடம் மூக்கு நுனி, அங்கே காய்ப்பும் கிடையாது. இப்போது மழைக்காலத்தில் மலையைப் பார்த்தால் நாலு பேர் போனை முகத்துக்கு நேரே பிடித்து முத்தம் கொடுப்பது தெரியும். முதல் தடவை பார்த்த கணக்கப்பிள்ளை, போனில் யாரோ மாப்பிள்ளை என்று நினைத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுசன்.

விரல் ரேகையில் பூட்டுத் திறக்கும் கதை இதைவிட மோசம். கைநாட்டு என்று சொல்லித்தான் நூறு வருஷமாக நம்மை இளக்காரம் பண்ணினார்கள். சம்பளத்துக்குக் கைநாட்டு, கடனுக்குக் கைநாட்டு, ஏன் எதற்கு என்று தெரியாத தாளுக்கும் கைநாட்டு. 2013இல் ஐபோன் ரேகை பார்க்கத் தொடங்கியதும் உலகத்துக் கோடீஸ்வரர்கள் எல்லாரும் கைநாட்டுக்காரர்கள் ஆனார்கள். சரி, இந்தக் கலையில் நாம்தானே மூத்தவர்கள் என்று அம்மாயி பெருவிரலை நீட்டினால், ரேகை தேய்ந்துபோய்க் கிடப்பதால் 'மறுபடி முயற்சி செய்க' என்றது. கைநாட்டே செல்லாது என்று சொன்ன முதலாவது துரை அந்தப் போன்தான்.

இவ்வளவு நடக்கும்போது தோட்டத்தில் எங்கெல்லாம் பட்டன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் சுவாரசியம். ஸ்டோருக்குள் போங்கள். கொழுந்து உருட்டும் ரோலரை ஓட்டப் பச்சைப் பட்டன், நிறுத்தச் சிவப்புப் பட்டன். அவசரத்துக்குக் காளான் தலையோடு பெரிய சிவப்புப் பட்டன், முழங்கையால் குத்தினாலும் நிற்கும். ரோலரில் கை மாட்டினால் அதற்கு 'மேலே தள்ளு' என்று எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போங்கள். பழைய தொங்கு தராசு போய்ப் பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட பட்டன்கள், ஈரக் கையால் அமுக்கலாம், மழையிலும் அமுக்கலாம். சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது அந்தப் பட்டன் ஒருநாளும் மறுத்ததில்லை.

பெரிய இடங்களும் இப்போது பின்வாங்குகின்றன. 2017 ஓகஸ்ட்டில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜோன் எஸ். மக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் சுக்கானையும் வேகத்தையும் திரையில் தொட்டு ஆட்டும் ஏற்பாடு மாலுமிகளைக் குழப்பியதும் ஒரு காரணமாக வந்தது. 2019இல் கடற்படை, வேகத்துக்குக் கைப்பிடியையே திரும்ப வைக்கிறோம் என்றது. கார்களின் பாதுகாப்புக்குப் புள்ளி போடும் ஐரோப்பிய அமைப்பு, 2026 முதல் சிக்னல், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்கு அசல் பட்டன் இல்லாவிட்டால் முழுப் புள்ளி இல்லை என்று அறிவித்தது. அவர்கள் ஒரு தடவை ஆடி மாதம் ஹட்டனுக்கு வந்திருந்தால் இந்த முடிவுக்கு 10 வருஷம் முன்னமே வந்திருக்கலாம், அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் செலவு.

லயத்தில் நாம் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கவில்லை. இப்போது பல வீடுகளில் இரண்டு போன். டச் போன் வீட்டில், சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டு, பேரனுக்கும் படத்துக்கும். மலைக்குப் போவது பட்டன் போன், சொப்பிங் பேக்கில் சுற்றி, இடுப்புப் படங்குக்குள். கண்ணாடி உடைந்தது, திரை ஆடவில்லை என்று ஹட்டன் டவுனுக்கு ஓடும் செலவு அதற்குக் கிடையாது. ஐந்தின் மேல் அந்த மொட்டு இன்றைக்கும் இருக்கிறது. தலையில் டோர்ச் இருக்கிறது.

இந்த டோர்ச் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2023 செப்டெம்பரில் ஐபோன் 15 புரோ வந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டன். நிஜப் பட்டன், அமுக்கினால் இறங்கும். அதற்கு என்ன வேலை என்று நாமே தீர்மானிக்கலாமாம். அமுக்கியதும் டோர்ச் எரியும்படிகூட வைத்துக்கொள்ளலாமாம். அறிமுகத்தில் இதைப் பெரிய புதுமையாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் விலை 999 டொலரில் தொடங்கியது, நம் காசுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். ஆக, டோர்ச்சுக்கு ஒரு பட்டன் உள்ள போன் வேண்டுமென்றால் அம்மாயி முந்நூறுக்கு மேல் முழுப் பேர் போடவேண்டும், அதுவும் ஒரு கொழுந்துகூட நிறை குறையாமல், ஒரு நாளும் அரைப் பேர் விழாமல், தண்ணீருக்கென்று எவரும் கழிக்காமல், சாப்பிடாமல்.